மூன்றாவது 'கஹியே'

பொதுநோக்கு மண்டபத்தில் ஆண்களுக்குக் கதிரை, பெண்களுக்குப் பாய். கதிரை போதாமல் வாசலில் நின்ற ஆண்கள்கூடப் பாய்ப் பக்கம் வரவில்லை. பாயின் இரண்டாவது வரிசையில், தூணோடு ஒட்டினாற்போல, என் அம்மா இருந்தார்.

திவாரி ஐயா ஒவ்வொருவரிடமும் போய்க் கொஞ்சம் குனிந்து கருத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் இந்தியாவிலிருந்து வந்த பொறியியலாளர். எங்கள் ஊருக்கு நெல் காயவைக்க ஒரு சீமெந்துத் தளம் கட்டித்தரும் குழுவுக்குப் பொறுப்பானவர். அவருடைய ஹிந்தியைத் தமிழிலும் ஊரின் தமிழை ஹிந்தியிலும் சொல்வதற்காக நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

தளம் எந்த இடத்தில் வருவது என்று அன்றைக்கே முடிவாக வேண்டும். வரைபடத்தில் குறித்துக் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

அம்மாவின் முறை வந்தது.

"மாதாஜி, ஆப் கஹியே."

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்றேன்.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "நான் என்னத்த சொல்றது? எனக்கு என்னா தெரியும்?"

அதை நான் அழகான ஹிந்தியில் சொன்னேன்: இவருக்கு இதைப்பற்றி எதுவும் தெரியாதாம். ஒரு சொல் பிசகவில்லை, உச்சரிப்பும் சுத்தம். திவாரி ஐயா தலை தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அம்மாவின் கண் முன்னால் ஹிந்தி பேசுகிறேன் என்று எனக்குத் தலைகொள்ளாத பெருமை. அந்தப் பெருமையோடுதான், என் அம்மாவின் வாயை நானே மூடினேன்.

துணிக்கடைக்காரரின் 'ஃபர்மாயியே'

லக்னோ விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, பரந்தனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "சாப்பாடு விளங்கினது. பாஷையை எப்படிப் பிடிச்சனீங்கள்?" அவருக்கான பதிலும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பெருவிரல் வைப்பவர். அம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டிலிருந்து புலமைப்பரிசில் கிடைத்து லக்னோவுக்குப் போனவளுக்கு, முதல் மாதம் தெரிந்த ஹிந்தி 'எவ்வளவு' என்று கேட்பது மட்டும்தான்.

விடுதிக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை இருந்தது. மருதாணி போட்டுச் சிவந்த தாடியோடு ஒரு முதியவர் கல்லாவில் இருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் நெஞ்சில் கை வைத்து, "ஃபர்மாயியே" என்றார்.

ஏதோ முக்கியமான கேள்வி என்று நினைத்தேன். என் பெயரைச் சொன்னேன். நாட்டைச் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பக்கம் என்றும் சொல்லி முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மிக நல்லது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நெஞ்சில் கை வைத்து, "ஃபர்மாயியே" என்றார்.

அறைத்தோழிதான் பிறகு விளக்கினாள், கட்டிலில் விழுந்து சிரித்து முடித்த பிறகு. அவர் கேட்டது கேள்வியே இல்லையாம். 'சொல்லுங்கள்' என்பதன் பட்டுச்சேலை உடுத்த வடிவமாம் அது.

அன்றிரவு அவள் 'சொல்' என்ற அந்த ஒன்றுக்கே எனக்கு ஒரு ஏணி கீறிக் காட்டினாள். கடைசிப் படியில் 'போல்'. தங்கையை, தம்பியை அதட்டுவதற்கு. அடுத்தது 'போலோ', தோழிகளுக்கு. அதற்கு மேல் 'போலியே', மரியாதைக்கு. (இதைத் தமிழில் எழுதினால் மரியாதை கெட்டுப்போகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.) 'கஹியே' அதைவிட மென்மை. தொலைபேசியை எடுத்துக் 'கஹியே' என்றால், உங்களுக்காக நேரம் ஒதுக்கிவிட்டேன் என்று பொருள். எதிரில் இருப்பவருக்கு நமக்குத் தெரியாத ஒன்று தெரியும் என்று ஒப்புக்கொண்டு கேட்பது 'பதாயியே'. உச்சியில் 'ஃபர்மாயியே': கட்டளையிடுங்கள், காத்திருக்கிறேன்.

கவிதை வாசிக்கும் கூட்டங்களில் இன்னொன்றும் கேட்டேன். கவிஞர் தொண்டையைச் செருமியதும் சபை முழுவதும் 'இர்ஷாத், இர்ஷாத்' என்னும். அருளுங்கள் என்பதுபோல. ஒரு மனிதர் வாய் திறப்பதற்கு முன்னரே அதற்கு இவ்வளவு வரவேற்பா என்று வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் பேராசிரியை ஒருநாள் என்னைப் பார்த்து, "ஆப் பதாயியே" என்றார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. எங்கள் பாடசாலையில் 'எழும்பு, சொல்லு' என்றால் பிழை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டதும் நெஞ்சு நிமிருமே ஒழிய நடுங்காது என்பதை அந்த வகுப்பில்தான் கண்டேன்.

பாஷையை எப்படிப் பிடித்தேன் என்றால், பரந்தன் அக்கா, இப்படித்தான். எல்லாரும் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பேசிவிட்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில்

அம்மாவிடம் கேள்வி கேட்டவர்கள் நிறையப் பேர். பெயர் என்ன, அட்டை இலக்கம் என்ன, எங்கேயிருந்து வந்தது, எத்தனை பேர் வந்தது. மலைநாட்டிலிருந்து கைப்பிள்ளையாக வந்து வன்னியில் வளர்ந்தவர் அவர். பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை வரிசை. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கேள்வியோடு ஒருவர்.

கேட்டதற்கு மட்டும் பதில். அதுதான் அம்மா படித்த படிப்பு.

கூட்டங்களிலும் அப்படித்தான். 'ஆருக்கும் ஏதும் கதைக்க இருக்கோ' என்று மேடையிலிருந்து பொதுவாகக் கேட்பார்கள். பாய்ப் பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள். 'அப்ப எல்லாருக்கும் சம்மதம்' என்று எழுதி முடிப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். அது என் கண்ணில் பட்டும் மூளைக்குப் போகவில்லை. கச்சான் பிடுங்கும் வேலைக்கு வரமுடியாது என்று முதல்நாளே சொல்லியனுப்பியிருந்தார். காலையிலேயே முழுகி, கோயிலுக்குக் கட்டும் ஊதாச் சேலையைக் கட்டியிருந்தார். ஹிந்தி பேசும் மகளைப் பார்க்கத்தான் இத்தனையும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

தார் வீதியும் மருதமரமும்

எங்கள் ஊரில் நெல் காய்வது வீதியில். தை, மாசியில் காலபோக அறுவடை முடிந்ததும் தார் வீதியின் ஒரு பாதி பொன்னிறமாகிவிடும். மறுபாதியில் மோட்டார்சைக்கிள், பஸ், உழவு இயந்திரம். பஸ் வந்தால் அம்மா விளக்குமாற்றோடு ஓரத்துக்கு ஓடுவார். போனதும் சிதறியதைக் கூட்டி உள்ளே தள்ளுவார். மழை இருட்டினால் எல்லாரும் நெல்லை மூடப் படங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். காலுக்குக் கீழே நெல் சுடும். மூக்கில் தாரும் வைக்கோலும் கலந்த மணம் நாள்முழுக்க நிற்கும்.

அதனால் ஒரு தளம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அது பிழையான இடத்தில் வந்தால், ஊர் மறுபடியும் வீதிக்குத்தான் போகும்.

கமக்கார அமைப்பின் தலைவர் சிவபாதம் ஐயா, மண்டபத்துக்குப் பக்கத்து வெறுங்காணியைக் காட்டியிருந்தார். நல்ல மனிதர். காரணங்களும் நல்லவையே. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, பெயர்ப்பலகை வைத்தால் பெரிய வீதியிலிருந்து தெரியும். காணியின் தெற்கு எல்லையில் வாய்க்கால். அதன் கரையில் பெரிய மருதமரங்கள் வரிசையாக நின்றன. அது ஆடி மாதம். காணி முழுவதும் வெயில் பளீரென்று கிடந்தது. திவாரி ஐயாவும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினார்.

இப்பதான் குடிச்சேன்

இடைவேளையில் பிளேன்ரீயும் பிஸ்கட்டும் வந்தன. பக்கத்து வீட்டு யோகேஸ் மாமிதான் தட்டோடு சுற்றிவந்தார். வாய் ஓயாத மனிசி.

"லெட்சுமியக்கா, எடுங்கோ."

"வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்றார் அம்மா.

"ஒரு வாய்தானே. எடுங்கோ."

"வேணாம்மா, வயிறு நெறைஞ்சிருக்கு."

"ஆறப்போகுது அக்கா, பிடியுங்கோ."

அம்மா எடுத்துக்கொண்டார். ஊதி ஊதி, ஆசையாகக் குடித்தார்.

நான் கையில் பிஸ்கட்டோடு அப்படியே நின்றேன். காலையிலிருந்து அம்மா ஒன்றுமே குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரை மண்டபத்துக்குக் கூட்டிவந்ததே நான்தான். 'இப்பதான் குடிச்சேன்' என்பது எங்கள் ஊரில் பதில் அல்ல, முன்னுரை. முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. மூன்றாவது தடவைக்கு வருவதுதான் மனதில் உள்ளது. கலியாண வீட்டில் சோற்றுக்கும் அப்படித்தான், இருக்கக் கொடுக்கும் கதிரைக்கும் அப்படித்தான்.

அப்படியென்றால் 'எனக்கு என்னா தெரியும்' என்பது?

ஒரு 'இப்பதான் குடிச்சேனை' நான் தூய ஹிந்தியில், ஒரு சொல் பிசகாமல், உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஹிந்தி பேசத் தொடங்கியதும் நான் லக்னோக்காரி ஆகிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். திவாரி ஐயா வரைபடத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு விரல்

ஓடிப்போய், ஐயா, நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேன் என்றேன். எந்தச் சொல் என்று கேட்டார். சொல் எல்லாம் சரி, ஆள்தான் பிழை என்றேன். அந்தத் தூணோரம் இருப்பவர் என் அம்மா என்றும், எங்கள் ஊரில் மூன்றாவது அழைப்புத்தான் கணக்கு என்றும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

திவாரி ஐயா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை உயர்த்தினார். இதுவரை ஒன்றுதான் ஆகியிருக்கிறது, இல்லையா என்றார்.

பேனாவை மூடினார். மண்டபத்தைக் குறுக்காக நடந்துபோய், சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் சம்மணமிட்டு இருந்தார். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டார்கள். கதிரையில் இருந்த ஆண்கள் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

துணிக்கடை முதியவரைப் போலவே நெஞ்சில் கை வைத்தார்.

"ஃபர்மாயியே, மாதாஜி."

அதற்குத் தமிழில் சரியான சொல் எனக்கு வரவில்லை. "அம்மா, உங்கட உத்தரவு என்னவெண்டு கேக்கிறார்" என்றேன்.

"உத்தரவோ" என்றார் யோகேஸ் மாமி. "அப்ப லெட்சுமியக்கா, எனக்கும் ஒரு வீடு எழுதிவிடச் சொல்லுங்கோ." பாய்ப் பக்கம் குலுங்கியது.

அம்மாவும் சிரித்துவிட்டார். "ஐயையோ, படிக்காதவ நான். நான் போயி என்னத்த சொல்ல" என்றார்.

நான் வாயே திறக்கவில்லை. என் வாழ்க்கையில் செய்த மிக நல்ல மொழிபெயர்ப்பு அந்த மௌனம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். திவாரி ஐயா என்னைப் பார்த்தார். இரண்டாவது விரலை உயர்த்தினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, "கஹியே" என்றார்.

அம்மா என் தமிழுக்குக் காத்திருக்கவில்லை.

"அந்த எடம் வேணாங்கய்யா."

சிவபாதம் ஐயா முன்னுக்கு வந்து, ஏன் என்று கேட்டார். தை, மாசியில் மருதமர நிழல் காணியில் பாதிக்கு மேல் விழும், பனி ஈரம் காயவே மத்தியானம் ஆகிவிடும் என்றார் அம்மா.

"நிழலோ? இப்ப வெளியில போய்ப் பாருங்கோ லெட்சுமி, ஒரு பொட்டு நிழல் இல்லை."

"இப்ப இல்லீங்கய்யா. நம்ம நெல்லு ஆடியிலயா காயுது?"

முதலில் சிரித்தது ஆண்கள் பக்கம்தான். எங்கள் ஊருக்குச் சிறுபோகத் தண்ணீர் வந்துசேருவதே அபூர்வம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆடியில் காயவைக்க ஊரில் நெல்லே இல்லை.

அம்மா எழும்பினார். விளக்குமாறு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே போனார். ஊர் முழுவதும் பின்னால் போனது. ஆடி வெயிலில் மர நிழல் வாய்க்காலுக்குள் தெற்குப் பக்கமாக விழுந்து கிடந்தது. அம்மா காணியின் நடுவுக்குப் போய், விளக்குமாற்றுக் கட்டையால் மண்ணில் ஒரு நீளக் கோடு இழுத்தார். மாசியில் பத்து மணிக்கு நிழல் இதுவரை என்றார். இன்னொரு கோடு இழுத்தார். இது உச்சிநேரத்துக்கு.

திவாரி ஐயா மரங்களை அண்ணாந்து பார்த்தார். திசை பார்த்தார். ஒரு காகிதத்தில் ஏதோ கீறினார், கணக்குப் போட்டார். பிறகு இரண்டாவது கோட்டுக்குப் போய் நின்று, இவர் சொல்வது சரி, சூரியன் அப்போது தெற்கே போய்விடும் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் சிவபாதம் ஐயா.

அம்மா விளக்குமாற்றுக் கட்டையை மண்ணில் ஊன்றினார். "வீதிக்குத் தார் போட்ட வருசம் இங்கதான காயவச்சோம். ஒங்க நெல்லுதாங்கய்யா."

எனக்கு அந்த வருடம் நினைவிருக்கிறது. வீதியில் இடமில்லாமல் சிவபாதம் ஐயாவின் நெல்லை அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் கூலிக்கு இந்தக் காணியில் காயவைத்தார்கள். ஈரம் போகாமல் நெல் மணத்துவிட்டது. ஆலைக்காரர் திருப்பி அனுப்பினார். கிண்டிவிடாமல் நிழலில் இருந்து கதைத்தவளவை என்று பெண்களுக்கு ஏச்சு விழுந்தது. அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். யாரும் அவரை என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நானும்தான்.

சிவபாதம் ஐயா முதல் கோட்டைப் பார்த்தார். இரண்டாவது கோட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்டைக்கு நான் ஏசினது பிழை, லெட்சுமியக்கா" என்றார், எல்லாரும் கேட்கத்தக்கதாக. "அப்ப எந்த இடம் சரி? சொல்லுங்கோ."

பழைய சங்கக்கடைக் காணி என்றார் அம்மா. மூன்று பக்கமும் வெளி. காற்று குறுக்கே ஓடும், தூற்றுவதற்கும் ஆகும். குழாய் இல்லையே என்றார் ஒருவர். நெல்லுக்குத் தண்ணியா ஊத்தப்போறீங்க என்று கேட்டார் அம்மா. அன்றைக்கு அவரை நிறுத்த முடியவில்லை. கிண்டிக் களைத்தவர்கள் இருக்க ஒரு சின்னக் கொட்டில், மாடு வராமல் கம்பிவேலி, ஓரத்தில் தண்ணீர் வழிய ஒரு கான். திவாரி ஐயா ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதி முடிய நிமிர்ந்து, "ஔர் பதாயியே" என்றார். இன்னும் சொல்லுங்கள் என்று. அம்மா இன்னும் சொன்னார்.

பெயர்ப்பலகைதான் சிவபாதம் ஐயாவின் கடைசிக் கவலை. சங்கக்கடைப் பக்கம் வைத்தால் பெரிய வீதியால் போகிறவனுக்குத் தெரியாதே என்றார். யோகேஸ் மாமி, நெல் அரிசியானதும் தெரியும்தானே என்றார்.

மாசி வெயில்

தளம் அடுத்த காலபோகத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. முதன்முதலில் அதில் விரித்தது சிவபாதம் ஐயாவின் நெல். அவரே வந்து அம்மாவிடம் எந்தப் பக்கத்திலிருந்து விரிப்பது என்று கேட்டார். காலை எட்டு மணிக்கே தளம் முழுவதும் வெயில் விழுந்தது. மருதமரங்கள் தூரத்தில் நின்று வேறு யாருடைய காணிக்கோ நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன.

ஊரில் இன்னொன்றும் மாறிவிட்டது. தேத்தண்ணீர் நீட்டும்போது மூன்றாவது தடவைக்கு எல்லாரும் 'பர்மாயியே' என்கிறார்கள். உச்சரிப்பைத் திருத்தப் பார்த்தேன். கைவிட்டுவிட்டேன். சங்கக்கடைச் சந்தியில் அது இப்படித்தான் ஒலிக்கும் போலிருக்கிறது.

மாசி கடைசியில் தளத்தை யார் எந்த நாள் பாவிப்பது என்று முறை போட ஒரு கூட்டம் வைத்தார்கள். அதே மண்டபம். ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் பாய்தான், யார் அப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்கள் முழங்கால் நோக, முனகிக்கொண்டு இருந்தார்கள்.

சிவபாதம் ஐயா கடிதாசியை மடித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்தார்.

"லெட்சுமியக்கா, பர்மாயியே."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சிரிப்போடு ஒரு விரலை உயர்த்தினார்கள், அம்மாவின் முதல் மறுப்பை எண்ணுவதற்கு. யோகேஸ் மாமி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். நானும் என் விரலை உயர்த்தினேன்.

விரல்கள் எல்லாம் அப்படியே நின்றன. அம்மா ஏற்கெனவே எழும்பிவிட்டார்.